ஏகாம்பரம் அடித்த அடியும் என் மாரடைப்பும்

எனக்கு மாரடைப்பு வந்தது ஏகாம்பரம் அடித்த அடியால்தான் என்று எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். நான் எதிரில் நிற்கும்போதே சொல்கிறார்கள். எத்தனை பேரிடம் தொண்டை கிழியக் கத்துவது? எட்டாவது வரை படித்தவனாயிற்றே, எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். இதைப் படித்த பிறகும் அதே பேச்சைப் பேசுகிறவன் என் கண்ணில் பட வேண்டாம். கோபப்படக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பினார். எல்லாவற்றையும் விட்டேன், இதை மட்டும் விட முடியவில்லை.

அந்த அடியிலிருந்தே தொடங்குகிறேன். பழவேற்காடு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. எந்த நாளில் எந்தக் குப்பம் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். அன்றைக்குப் பாடு எங்களுடையது. பக்கத்துக் குப்பத்து ஏகாம்பரம் தன்னுடையது என்றான். வாய்ப் பேச்சு எத்தனை நேரம் தாங்கும்? நான் அவன் வலையை அறுத்தேன். அவன் படகு தள்ளுகிற மூங்கில் கழியைத் தூக்கி என் நடு நெஞ்சில் இறக்கினான். தண்ணீரில் மல்லாந்து விழுந்தேன். என் தம்பி கஜா பாய்ந்து அவன் படகைக் கவிழ்த்தான். அதற்குப் பிறகு இரண்டு குப்பத்து ஆட்களும் இடுப்பளவுத் தண்ணீரில் கட்டிப் புரண்டோம். எனக்கு ஒரு முன்பல் போனது. ஏகாம்பரத்துக்குப் புருவம் பிளந்தது. ஏரி கலங்கிச் சேறானதுதான் மிச்சம், அன்றைக்கு இரண்டு குப்பத்திலும் குழம்பு வைக்க மீன் இல்லை.

நெஞ்சில் கழி பட்ட இடம் கன்றிப்போயிருந்தது. என் மனைவி மங்கம்மா மஞ்சள் பத்துப் போட்டாள். சில நாளில் வலி போயே போய்விட்டது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சண்டை ஆறும் வரைக்கும் எங்கள் ஆட்கள் ஏரியில் இறங்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். சும்மா இருந்தால் வயிறு கேட்குமா? நானும் கஜாவும் கும்மிடிப்பூண்டிக்குப் போனோம். எழுபதுகளில் அங்கே கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த சமயம். பழைய இரும்பை உருக்குகிற ஒரு கம்பெனியில் லாரியிலிருந்து இரும்பு இறக்குகிற வேலை கிடைத்தது. புதுவாயலில் ஒரு கொட்டகையில் தங்கினோம். மங்கம்மா ஒரு சாக்கு நிறையக் கருவாடு கட்டிக் கொடுத்திருந்தாள். பொங்குவது சோறு, தொட்டுக்கொள்வது கருவாடு. பத்து மணிக்கும் சாயங்காலத்துக்கும் கூட்டு ரோட்டு டீக்கடையில் போண்டா. அந்தக் கடாயில் எண்ணெய் கறுத்துக் கிடக்கும். மாற்றி நான் பார்த்ததில்லை. அதில் வெந்த போண்டாவுக்குத் தனி ருசி என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். நடுநடுவே பீடி.

ஒரு சாயங்காலம் அதே டீக்கடையில் போண்டாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சாத்தி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி ஒருவன் நசுக்கினால் எப்படி இருக்கும், அப்படி வந்தது வலி. வலியைத் தள்ளிவிடுகிற வேகத்தில் கையை வீசினேன். டீ பாய்லர் சாய்ந்து வெந்நீர் கொட்டி, கடைக்காரர் கால் வெந்துபோனது. "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றியாடா பேமானி!" என்று அவர் கரண்டியால் என் முதுகில் சாத்தினார். அது எனக்கு உறைக்கவே இல்லை. சட்டையை நானே கிழித்துக்கொண்டு தரையில் உருண்டேன். இடது கை முழுக்க யாரோ முறுக்குவது போல இருந்தது. வியர்வை ஆறாகக் கொட்டியது.

கஜா என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு அலறினான். "அவன் அடிச்ச அடிடா இது! உள்ளயே தங்கிக்கினு இப்பதான் வேலையக் காட்டுது!"

கல்கத்தா ரோட்டில் வந்த ஒரு லாரியை மறித்து, மூட்டைகளின் மேல் என்னைக் கிடத்திப் பட்டணத்துக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் ஏகாம்பரத்தின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் தொடைச் சதையில் ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் இறங்கியது. பிறகு நெஞ்சிலும் கை கால்களிலும் பசை தடவி ஒயர்களைக் கட்டினார்கள். "எங்க அண்ணனுக்கு கரண்ட் வெக்கிறியா?" என்று கஜா ஒயர் கட்டிய ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டான். கரண்ட் வைப்பதில்லை. இருதயம் துடிக்கும்போது அதற்குள்ளேயே கொஞ்சம் மின்சாரம் உண்டாகிறதாம். அந்தத் துடிப்பை ஒரு முள் காகிதத்தில் கோடாக இழுத்துக் காட்டுகிறது. இசிஜி என்கிறார்கள். கடுகளவும் வலிக்காது. பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் வார்டு டாக்டரம்மா குள்ளமாக, ஒல்லியாக இருப்பார். குரல் மட்டும் ஏலம் விடுகிறவன் குரல். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். இருதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் இறைக்கிற பம்பு. அந்தப் பம்புக்கே ரத்தம் கொண்டுவரும் சின்னக் குழாய்கள் உண்டு. அவற்றில் கொழுப்பு படிந்து படிந்து சந்து குறுகி, ஒன்று அடைத்துக்கொண்டது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசை செத்துப்போனது. செத்தது திரும்பாது. மிச்சமிருப்பதை வைத்துத்தான் இனி காலத்தைத் தள்ள வேண்டும். அதோடு ரத்தக் கொதிப்பும் இருந்ததாம். குழாய்களுக்குள் ரத்தம் முட்டி மோதிக்கொண்டு ஓடுவதுதான் ரத்தக் கொதிப்பு. அது இத்தனை வருஷமாக எனக்கு இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

"காலையில என்னய்யா சாப்பிடுவே?" என்று கேட்டார்.

"பழைய சோறு, கருவாடு."

"மத்தியானம்?"

"சோறு, கருவாட்டுக் கொழம்பு."

"ராத்திரி?"

"அதாம்மா, மிச்சம் கீதே."

"காய், கீரை, பழம்?"

"அதெல்லாம் நோயாளிங்க துன்றதும்மா."

முட்டி தட்டிப் பார்க்கிற சுத்தியலை ஓங்கிக் கட்டில் கம்பியில் அடித்தார். பக்கத்துக் கட்டில்காரர் திடுக்கிட்டு எழுந்துவிட்டார். "நான் படிக்கப் போன சீமையில வெண்ணெயும் கொழுப்புக் கறியுமா தின்னுட்டு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழறான். இங்க பங்களாவுல இருக்கறவன் நெய்யையும் இனிப்பையும் தின்னுட்டு விழறான். ஜப்பான்ல உன்னைப் போலவே உப்புப் போட்ட மீனைத் தின்னுட்டு மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு விழறான். உலகம் பூரா அவனவன் வாய்க்குப் பிடிச்சதுதான் அவனவனைக் கொல்லுது. நீ என்னடான்னா கழியாலே அடிச்சான்னு கதை சொல்றே!"

"நெஞ்சுலதான அடிச்சான்?" என்றான் கஜா.

"அந்த அடி விலா எலும்போட போச்சு. குழாயை அடைச்சது இவர் தின்ன தீனி."

டாக்டரம்மா போனதும் கஜா என் காதருகே குனிந்தான். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள். "அடிச்சது நெஞ்சுல. நோவு நெஞ்சுல. இத்த கண்டுபிடிக்க சீமைக்கு வேற போவணுமா? ண்ணா, நீ மட்டும் பூட்டீன்னா அவன் தலைய எடுத்தாந்து உன் கால்மாட்டுல வெக்கிறேன். அப்பால என்னத் தூக்குல போட்டாலும் சரி."

அதைக் கேட்க எனக்கு இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கஜா சொன்னால் செய்கிறவன். நான் செத்தால் ஏகாம்பரம் செத்தான். ஏகாம்பரம் செத்தால் கஜாவும் செத்தான். என் ஒற்றை நெஞ்சில் மூன்று உயிர் தொங்கியது. படுத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கல் உப்புக்கூடக் கூடாது என்று டாக்டரம்மா, குப்பத்திலிருந்து வந்து சேர்ந்த மங்கம்மாவிடம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மரத்தடியில் மூன்று கல்லை வைத்து அவள் பொங்கிக் கொண்டுவருவாள். உப்பில்லாத கஞ்சியை வாயில் வைத்துப் பாருங்கள். ஈரத் துணியைச் சப்புவது போல இருக்கும். முதல் நாள் கிண்ணத்தை அவள் மேலேயே வீசினேன். கஞ்சி முகத்தில் வழிய நின்றாள்.

"அடிய்யா, இன்னோம் அடி. உன் கை ஓய்ற வரிக்கும் அடி. உப்பு மட்டும் போடமாட்டேன்."

அவள் மூக்குத்தி இல்லாமல் இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். வெளியில் வாங்கச் சொன்ன ஊசி மருந்துக்காக அடகு வைத்துவிட்டாளாம். எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வெளியே வரும், கட்டிலை எட்டி உதைத்தேன்.

கஜாவுக்கு மனசு தாங்கவில்லை. மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். நெருப்பில் சுட்ட வஞ்சிரக் கருவாடு. வாசனை வார்டெங்கும் பரவிவிட்டது.

"உப்பு கூடாதுன்னாங்களே," என்றாள் மங்கம்மா.

"நாம இன்னா உப்பா போட்டோம்? காஞ்ச மீனுதான அண்ணி? கஞ்சியில நீ உப்பு போடலியே."

மங்கம்மா யோசித்தாள். சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. எனக்கும் பட்டது. வாசிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். அந்தக் கருவாட்டை வெட்டி, கை நிறைய உப்பை அள்ளித் தேய்த்துப் பானையில் அடுக்கியவளே மங்கம்மாதான். ஆனால் எங்கள் வீட்டில் உப்பு என்றால் அடுப்பில் கொதிக்கிற பானையில் விழுவது. கருவாட்டில் இருப்பதை யாரும் உப்பு என்று எண்ணியதே இல்லை. அது கருவாடு, அவ்வளவுதான். நான் கஞ்சியோடு அதைக் கடித்தபோது போன உயிர் திரும்பியது போல இருந்தது. கஜா தலையணைக்கடியில் மீதியை வைத்துவிட்டுப் போனான். தினமும் கொண்டுவந்தான். தம்பி என்றால் இவனல்லவா தம்பி என்று பெருமையாக இருந்தது.

அந்த நாட்களில் ஒரு காலை. பக்கத்துக் கட்டில்காரர் மணவாள நகரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். பேசிக்கொண்டே இருந்தவர் கண் சொருகிச் சாய்ந்தார். டாக்டரம்மா ஓடிவந்து கட்டிலின் மேல் ஏறி, முஷ்டியை ஓங்கி அவர் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். பிறகு இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கி அமுக்கி எடுத்தார். எலும்பு நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஆளின் பிள்ளைகள் உள்ளே வந்து பார்த்தார்கள். "எங்க அப்பாவ அடிச்சிக் கொல்றாங்க!" என்று கத்தி, டாக்டரம்மாவின் பின்னலைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார்கள். ஒருவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். வார்டு ஆட்கள் அவர்களைப் புரட்டி எடுத்தார்கள். மருந்து வண்டி கவிழ்ந்து தரையெல்லாம் கண்ணாடி. டாக்டரம்மா எழுந்து, திரும்பவும் கட்டிலில் ஏறி, அமுக்கிக்கொண்டே இருந்தார். கடைக்காரர் பிழைக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து என் நாடியைப் பிடிக்க வந்தார். கன்னம் வீங்கியிருந்தது.

"நெஞ்சுல குத்துறீங்களேம்மா," என்றேன்.

"நின்னுபோன இருதயம் ஒரு குத்துல சில சமயம் திரும்ப ஓடும்யா. நெஞ்சுல அடிச்சுப் பிழைக்கவைக்கத்தான் பார்க்கிறோம். நீங்க தட்டுல வச்சுக் கொல்றீங்க." அவர் குரல் அன்றைக்கு மட்டும் தாழ்ந்திருந்தது.

அதற்குள் என் கால் வீங்கத் தொடங்கிவிட்டது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். படுத்தால் மூச்சு முட்டும். ஒரு மத்தியானம், கருவாடும் கஞ்சியும் தின்று முடித்த சிறிது நேரத்தில், மூச்சு வரவே இல்லை. ஏரியில் பிறந்து வளர்ந்தவன் நான், எத்தனையோ முறை வலை காலைச் சுற்றித் தண்ணீருக்குள் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் மேலே வர வழி தெரியும். கட்டிலில் உட்கார்ந்தபடி மூழ்கினேன். நெஞ்சுக்குள் களகளவென்று சத்தம். வாயிலிருந்து ரத்த நிறத்தில் நுரை வந்தது. யார் கையில் கிடைத்ததையோ கடித்தேன். பிறகு பார்த்தால் அது மங்கம்மாவின் மணிக்கட்டு.

மூக்கில் பிராணவாயுக் குழாயைத் திணித்தார்கள். ஊசி மேல் ஊசி. கையிலும் தொடையிலும் ரப்பர் குழாயால் இறுக்கிக் கட்டினார்கள். ரத்தம் மொத்தமும் நெஞ்சுக்குத் திரும்பாமல், கை கால்களிலேயே கொஞ்சம் தேங்கி நிற்கட்டும் என்று அப்படிச் செய்வார்களாம். ஒரு கட்டை அவிழ்ப்பதும் இன்னொன்றை இறுக்குவதுமாக இருந்தார்கள். கதவருகில் கஜா நின்று இதைப் பார்த்தான். வார்டு ஆள் ஒருவன், "அவ்ளோதான், முடிஞ்சிச்சி," என்றது அவன் காதில் விழுந்தது. அப்போதே போய்விட்டான்.

நான் முடிந்துவிடவில்லை. நிறைய சிறுநீர் போனது, நெஞ்சிலிருந்த சத்தம் குறைந்தது. டாக்டரம்மா தலையணையைத் தூக்கி நிமிர்த்தப் போனார். பொட்டலம் கையில் வந்தது. பிரித்து முகர்ந்தார். ஒரு துண்டை எடுத்து மங்கம்மாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"இது என்ன?"

"கருவாடும்மா."

"உப்பு கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நா உப்பு போடலம்மா. சத்தியமா போடல."

டாக்டரம்மா துண்டைப் பிய்த்து மங்கம்மாவின் நாக்கில் வைத்தார். "சொல்லு, இது என்ன?"

மங்கம்மா மென்றாள். முகம் மாறியது. "உப்பு," என்றாள்.

"உப்பு போற இடத்துல தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கும். அரை இருதயத்தை வச்சுக்கிட்டு இவர் அந்தத் தண்ணியை எப்படி இறைப்பார்? யார் கொண்டுவந்தது?"

"கஜா."

அப்போதுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். கஜா எங்கே? கட்டிலடியில் இருந்த மங்கம்மாவின் சமையல் கூடையில் கஞ்சிக் கரண்டி கிடந்தது, அவன் அதில் போட்டுவைத்திருந்த மீன் வெட்டுகிற கத்தி இல்லை. நான் செத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு போயிருக்கிறான். என்னைக் கொல்லப் பார்த்தது அவனே சுட்டுக் கொடுத்த கருவாடு. அதற்கு ஏகாம்பரத்தை வெட்டப் போகிறான்.

"ஓடு!" என்றேன். குரல் வரவில்லை, உதடுதான் அசைந்தது. மங்கம்மா கடிபட்ட கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தது மறுநாள் மாலை. அதுவரை நான் கட்டிலில் பட்ட பாட்டை எழுத வார்த்தை இல்லை. புடவையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவளுடையதில்லை.

"ஏகாம்பரம் ஏரியில இருந்தான். அவன் கரையேற வரிக்கும் இவன் படகுத்துறையிலயே குந்திக்கினு இருந்துருக்கான். நா தூரத்துலருந்து கத்திக்கினே ஓடறேன்யா, 'டேய், உங்க அண்ணன் உயிரோட கீறாரு'ன்னு. காத்து எதிர்த்தாப்புல. அதுக்குள்ள ஒரு வெட்டு வுழுந்துடுச்சி, கையில. ரெண்டாவதுக்கு ஓங்கும்போது நா குறுக்க பூந்துட்டேன்."

"கஜா?"

"கருவாட்ட பத்தி சொன்னேன். கத்திய போட்டுட்டு மண்ணுல தலைய மோதிக்கினான். போலீசு இட்டுனு போயிடுச்சி."

"ஏகாம்பரம் திருப்பி அடிக்கலியா? கழி இருக்குமே."

"கையிலதான் வெச்சினு இருந்தான். தூக்கவே இல்லய்யா. ஏன்னு எனக்கே தெரில."

ஏகாம்பரத்தையும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்திருந்தார்கள். கையில் நரம்பைத் தைத்தார்கள். தைப்பதற்கு முன்னால் பிரஷர் பார்த்தவர்கள் பயந்து எங்கள் டாக்டரம்மாவைக் கூப்பிட்டார்களாம். "உன் சண்டைக்காரனுக்கு உன்னைவிட அதிகம்யா. கருவாடு, போண்டா, எல்லாம் உன் கதைதான். சொன்னா கேட்க மாட்டேங்கறான்," என்று என்னிடம் வந்து பல்லைக் கடித்தார்.

நடக்கலாம் என்று எனக்கு உத்தரவு கிடைத்த அன்றைக்கே, சுவரைப் பிடித்துக்கொண்டு வராந்தாக் கோடியிலிருந்த அவன் வார்டுக்குப் போனேன். ஏகாம்பரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை முழுக்கக் கட்டு. அவன் பெண்டாட்டி சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் சுட்ட கருவாடு. எனக்கு அந்த வாசனை நன்றாகத் தெரியும். அடுத்த உருண்டை அவன் வாய்க்குப் போவதற்குள் தட்டைத் தட்டிவிட்டேன். சுவரில் மோதிச் சோறெல்லாம் சிதறியது.

"வெட்டனது போதாதுன்னு சோத்தயும் புடுங்க வந்துட்டானே!" என்று அவள் என் தலைமுடியைப் பிடித்தாள். வார்டு ஆட்கள் இரண்டு பேர் என் கையை முறுக்கினார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

"அத்த துன்னாதடா," என்றேன். "அதான் என்ன கொல்லப் பாத்துது. கருவாடுடா. உப்பு. போண்டா எண்ணெ. எல்லாம் சேந்துதான் குழாய அடச்சிக்கிச்சு. உன் அடி இல்ல. உன் அடி சில நாளுல போயிட்ச்சிடா."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏரிச் சண்டையில் புருவம் பிளந்த இடத்தில் தழும்பு இன்னும் சிவந்திருந்தது.

"மெய்யாலுமா?"

"டாக்டரம்மாவ கேளு."

"நா அடிச்சதால இல்லியா?"

"இல்லடா."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. பிறகு கட்டிலை விட்டு இறங்கி என் எதிரில் வந்து நின்றான்.

"நீ வுழுந்துட்டன்னு கேட்டதுலருந்து சோறு எறங்கல, தூக்கம் இல்ல. நாந்தான் கொன்னுட்டேன்னு கெடந்தேன்டா. உன் தம்பி கத்தியோட வந்தப்போ வெட்டிட்டுப் போவட்டும்னு கழியத் தூக்கல. அப்ப இன்னாத்துக்குடா நா சும்மா நின்னேன்?"

கேட்டுவிட்டுக் கட்டுப் போடாத கையால் என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். காது அடைத்துக்கொண்டது. என்னைப் பிடித்திருந்தவர்கள் பதறிப்போய்க் கையை விட்டுவிட்டார்கள். என் இரண்டு கையும் அப்போது சும்மாதான் இருந்தன. நான் தூக்கவில்லை.